ஜெனரல் ஷிப்டும் தனுஷ்கோடிப் பூநாரைகளும்

பொய்யை எல்லாரும் வாயால் சொல்வார்கள். என் வாழ்நாளில் நான் சொன்ன பெரிய பொய்யை என் கன்னம் சொல்லியது. அதை எழுதி ஒப்புக்கொண்டால் சாமி மன்னிப்பார் என்று நினைத்து எழுதுகிறேன். (ரகசியம் என்று இதில் ஒன்றுமில்லை. என் மனைவி செங்கமலம் இதைத் தெருத்தெருவாகச் சொல்லி முடித்துப் பல வருஷம் ஆகிறது.)

எழுபதுகளின் கடைசி. நான் நெய்வேலி மைன்ஸில் பெல்ட் ஹெல்பர். வெட்டியெடுத்த கரி ராட்சத பெல்ட்டில் ஓடும். ஓடும்போது சிந்துவதை வாரி மறுபடி அதன்மேல் போடுவது என் உத்தியோகம். படிப்பு ஒன்பதாவது. பத்தாவது படிக்க எனக்கு ஆசை இருந்தது, பள்ளிக்கூடத்துக்கு இல்லை. ஆனாலும் வேலை பர்மனென்ட், குவார்ட்டர்ஸ் உண்டு, வாசலில் முருங்கை உண்டு. ஒரே குறை, மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும்.

உடம்பு அதற்குப் பழகிவிட்டது. பழகாதது பிரதோஷம். செங்கமலத்துக்கு டைபாய்டு வந்து, இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைக்குமா பிழைக்காதா என்று ஆனபோது, "இவளை எழுப்பிக் கொடு, இனி ஒரு பிரதோஷம் தவற மாட்டேன்" என்று ஈஸ்வரனிடம் சொல்லியிருந்தேன். அவள் எழுந்துவிட்டாள். நான்தான் தவறிக்கொண்டே இருந்தேன். பிரதோஷமோ சூரியன் சாய்கிற வேளை. இரண்டாம் ஷிப்டு வாரத்தில் அந்த வேளைக்கு நான் நந்திக்குப் பின்னால் நிற்பதற்குப் பதில் பெல்ட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன். வீட்டில் செங்கமலம் ஒரு தும்மல் போட்டாலும் என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

"வேண்டிக்கினது நீங்க, காச்சல் வந்தா படுக்கிறது நானு. நல்லா இருக்குதுங்க உங்க பக்தி."

இதற்கு ஒரே வழி ஜெனரல் ஷிப்டு. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் செக்‌ஷன் அதிகாரி சந்தானம் சார். பம்பாயில் பிறந்து வளர்ந்த தமிழர். நல்லவர்தான், ஆனால் பறவைப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏரிக்கரையில் நிற்பார். நாங்கள் எல்லாம் அவரை மீன்பிடிக் குத்தகைக்காரர் என்று நினைத்திருக்கிறோம்.

ஒரு வியாழக்கிழமை முதல் ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். தலைக்கு மேலே கருடன் வட்டமடித்தது. வியாழக்கிழமை கருட தரிசனம் என்றால் சும்மாவா? சைக்கிளை நிறுத்தி, அண்ணாந்து பார்த்து, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். பின்னால் ஜீப் நின்ற சத்தம் கேட்டது. சந்தானம் சார் இறங்கி வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மேன், நீ பேர்ட் வாட்சரா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "சார்?"

"அந்தப் பருந்தைப் பார்க்க சைக்கிளையே நிறுத்திட்டியே! கொசு பிடுங்குது, அதை அடிச்சுக்கிட்டே பார்க்கறே! எத்தனை நாளா இந்தப் பழக்கம்?"

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டதைக் கொசு அடித்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறார், மகராசன். 'இல்லீங்க சார், கும்பிட்டேன்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் ஜெனரல் ஷிப்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

"பறவைன்னா எனக்கு உசிரு சார்."

அவ்வளவுதான். அதிலிருந்து மைன்ஸில் என்னைப் பார்க்கும் போதெல்லாம், "இன்னிக்கு என்ன பார்த்தே?" என்பார். நானும் "கொக்கு சார்" என்பேன். "என்ன கொக்கு?" என்பார். "வெள்ளைக் கொக்கு சார்." இப்படியே இரண்டு மாதம் கொக்கை வைத்தே ஓட்டினேன். ஜெனரல் ஷிப்டு மனுவையும் கொடுத்துவைத்தேன். அவர் அதை வாங்கி மேஜை டிராயருக்குள் போட்டு, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார்.

தை அமாவாசைக்கு, கம்பெனி செலவில் ஊர் போய்வரும் எல்.டி.சி.யில் ராமேஸ்வரம் போகலாம் என்று லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். சந்தானம் சார் துள்ளி எழுந்தார்.

"ராமேஸ்வரமா! இந்த சீசன்ல தனுஷ்கோடியில பூநாரை வரும் தெரியுமா? ஃப்ளமிங்கோ! நாலு வருஷமா போகணும்னு நினைக்கறேன், இந்த ஓவர்ஹால் என்னை விடமாட்டேங்குது. நீ என் கேமராவை எடுத்துட்டுப் போ. எனக்குப் பதிலா நீ பார். படம் வந்ததும் கிளப்ல எல்லாரையும் கூப்பிட்டு ஸ்லைட் ஷோ. பெரிய ஐயா வருவார். அதோட உன் மேட்டரையும் முடிச்சுடறேன்."

உன் மேட்டர் என்றால் டிராயருக்குள் இருக்கிற மனு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ராமநாதசாமி தரிசனத்துக்குப் போகும் முன்னாலேயே பலன் கொடுக்கிறாரே!

கேமரா தோல் உறையில் இருந்தது. அதில் பார்க்கிற இடம் வேறு, படம் பிடிக்கிற இடம் வேறு. மேலே சின்ன ஜன்னல், அதன் வழியாக நாம் பார்க்க வேண்டும். கீழே பெரிய கண்ணாடி, அதற்கு ஒரு கறுப்பு மூடி. வெயிலுக்குத் தகுந்தாற்போல் எல்லாவற்றையும் திருகிவைத்து, அது அசையாமல் பிளாஸ்திரியும் ஒட்டிக் கொடுத்தார்.

"எதையும் திருகாதே. இதுல தூரத்துப் பறவை பெரிசா விழாது, கிட்டப் போய் எடுக்கணும். முக்கியமா இந்தக் கண்ணாடி மேல உன் விரல் படக்கூடாது. பட்டா எல்லாம் போச்சு."

"படாது சார். சத்தியம்."

அந்தச் சத்தியத்தை நான் மீறவே இல்லை. அதுதான் இந்தக் கதையில் கொடுமை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எந்த மிஷின் வந்தாலும், சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்காமல் பட்டனை அழுத்த மாட்டோம். மலை மாதிரி நிற்கிற மண் வெட்டும் இயந்திரத்துக்கும் பொட்டு உண்டு, என் கரி வாரும் சவலுக்கும் பொட்டு உண்டு. பொட்டு வைக்காத கருவியை அதுவரை என் கை தொட்டதில்லை. இதுவோ வெளிநாட்டு மிஷின்; கடல் தாண்டிப் போகிறது; என் பிரதோஷமே அதற்குள் இருக்கிறது. வெறுமனே கொண்டுபோவேனா? கிளம்புகிற அன்று விளக்கேற்றி, சாமி படத்துக்கு முன்னால் மணையில் வைத்தேன். மூடியைத் திறந்தேன்.

"எங்கேம்மா வெக்கிறது பொட்டு?" என்று கேட்டேன்.

செங்கமலம் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "மூஞ்சின்னு பாத்தா அந்தக் கண்ணாடிதாங்க. நடுவுல வையுங்க, அம்சமா இருக்கும்."

(இதை அவள் சொல்லவே இல்லை என்று இன்றைக்கும் கற்பூரத்தை அணைப்பாள்.)

மேல் ஜன்னலில் வைத்தால் பார்ப்பதற்கு மறைக்குமே என்கிற அளவுக்கு எனக்கு அறிவு வேலை செய்தது. அந்த அறிவு இன்னும் ஒன்றரை அங்குலம் கீழே இறங்கியிருந்தால் நான் உருப்பட்டிருப்பேன். விரல் படக்கூடாது அல்லவா? வெற்றிலைக் காம்பால் சந்தனத்தைக் குழைத்து எடுத்து, கண்ணாடியின் நட்டநடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வைத்தேன். அது காய்ந்ததும் அதே காம்பால் குங்குமம். கற்பூரம் காட்டினேன். மூடியைப் போட்டு, உறையில் வைத்து, விருத்தாசலத்துக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ரயில்.

அமாவாசை அன்று கடலில் முழுகி, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடினோம். ஒருவர் நனையும்போது மற்றவர் கேமராவை மடியில் வைத்துக் காவல். மறுநாள் காலை தனுஷ்கோடி. புயல் தின்றுவிட்ட ஊர், ரோடு கிடையாது. மணலில் ஓடுகிற ஒரே வண்டி மீன் லாரி. நாங்கள் வடலூர்ப் பக்கம். வீட்டில் புலால் வாசனையே கிடையாது. காலிக் கூடைகளுக்கு நடுவில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தோம்.

"இருவத்திரெண்டு கெணத்துல முழுக வெச்சி, சுத்தம் பண்ணி, மீன் லாரில ஏத்திக்கினு போறீங்களே. இது எந்த சாஸ்திரங்க?" என்றாள் செங்கமலம்.

"பிரதோஷத்துக்காகம்மா."

"எனக்குக் காச்சலே வந்திருக்கலாம்."

லாரி டிரைவர் சூசை நல்ல மனுஷன். பாதி வழியில் நிறுத்தி, "சாமி, அங்கிட்டுப் பாருங்க" என்று கை காட்டினார்.

கடலுக்கும் மணலுக்கும் நடுவே முழங்கால் ஆழத்துக்கு ஒரு பெரிய தண்ணீர்ப் பரப்பு. அதில் யாரோ வெள்ளை வேட்டிகளை வரிசையாகக் காயப்போட்ட மாதிரி இருந்தது. அவைதான் பூநாரை. நான் உறையைத் திறந்தேன், மூடியைக் கழற்றி இடுப்பில் செருகினேன், செருப்பைக் கழற்றினேன் (ராமர் நடந்த மண்), நடந்தேன். அவையும் நடந்தன. நான் நின்றால் நின்றன. நான் இருபது அடி போனால் சொல்லி வைத்தாற்போல் இருபது அடி தள்ளிப் போயின. அரை மணி நேரம் அவையும் நானும் உலாத்தினோம்.

கரையிலிருந்து சூசை கத்தினார். "நடந்தா அதுகளும் நடக்கும் சாமி! ஓடினா பறந்துரும்! தவழ்ந்து போங்க!"

"தவழ்ந்தாவா?"

"தவழ்ந்தா உங்கள ஆமைன்னு நெனச்சுக்கிரும்!"

"அவுரு பெல்ட் ஹெல்பருங்க! கவுர்மெண்டு உத்தியோகம்!" என்று செங்கமலம் எனக்காக ஒரு வார்த்தை சொன்னாள்.

நான் அதற்குள் ஆமையாகிவிட்டேன். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டி, கேமராவைத் தலைக்கு மேல் ஒரு கையில் பிடித்து, மறுகையும் முட்டியும் ஊன்றிச் சேற்றில் போனேன். கேமரா நனையக்கூடாது என்ற ஒரே கவலை. நெற்றி விபூதி போயிற்று. வயிற்றுக்குக் கீழே என்னென்னவோ நெளிந்தன. சிவசிவா என்று சொல்லிக்கொண்டே போய், கல்லெறி தூரத்துக்குள் வந்துவிட்டேன்.

அங்கே ஒன்று நடந்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தூரத்தில் வேட்டி மாதிரி தெரிந்தவை கிட்டத்தில் வேட்டி இல்லை. வெண்மைக்குள்ளே செந்தாமரை இதழைக் கரைத்த மாதிரி ஒரு நிறம். ஒவ்வொன்றும் என் மார்பு உயரம் இருக்கும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்து, காலால் மிதித்து மிதித்துத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கும்மி அடிக்கின்றன. நடுவில் சாம்பல் நிறத்தில் சில குட்டைப் பறவைகள், பிள்ளைகள்போல. நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது. மனு மறந்தது, ஷிப்டு மறந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கையில் கேமரா இருப்பது தெரிந்து, ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து அழுத்தினேன். கடைசியில் எல்லாம் சேர்ந்து எழும்பின. சிறகை விரித்ததும் உள்ளே நெருப்புச் சிவப்பு. என்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், சேற்றுக் கையாலேயே.

மொத்தம் முப்பத்தைந்து. மீதி ஒரு படத்துக்குச் செங்கமலத்தை நிறுத்தினேன். கல்யாணப் பட்டுப்புடவையை அதற்காகவே கட்டி வந்திருந்தாள், மீன் லாரியில். கேமராவை நேருக்கு நேர் பார்த்தவள், முகம் மலர்ந்து சொன்னாள்:

"ஏங்க, பொட்டு அப்பிடியே இருக்குதுங்க! கடக் காத்துக்குக் கூட அழியல!"

"சாமி கூடவே வர்றார்மா" என்றேன். அழுத்தினேன்.

ஊருக்குத் திரும்பினோம். சந்தானம் சார் சொல்லியிருந்தபடி, வடலூரில் தெரிந்த ஒரு ஸ்டூடியோவில் முதுகுப் பக்கத்தைத் திறந்து பிலிமை எடுத்து மெட்ராசுக்குப் பார்சல் அனுப்பினேன். சார் அப்போது ஏதோ டிரெய்னிங்குக்கு வெளியூர் போயிருந்தார். அவர் திரும்பிய மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளப்பில் ஸ்லைட் ஷோ. மெட்ராசிலிருந்து வர வேண்டிய பெட்டி அன்று மத்தியானம்தான் வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்க்க நேரமில்லை. அப்படியே புரொஜக்டரில் ஏற்றிவிட்டார்கள். நான் கேமராவை உறையோடு கொண்டுபோய், பிரசாதம் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் மேஜைமேல் வைத்தேன்.

கிளப்பில் அதிகாரிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சந்தானம் சாருக்கெல்லாம் மேலே இருந்த பெரிய ஐயா, மனைவியோடு முன் வரிசையில். அந்த முன் வரிசையிலேயே என்னையும் உட்கார வைத்தார்கள். செங்கமலம் பின்னால் பெண்கள் பக்கம். சந்தானம் சார் இங்கிலீஷில் பேசினார். எனக்குப் புரிந்தது 'பெல்ட் ஹெல்பர்' என்ற இரண்டு வார்த்தைதான். அதற்கு எல்லாரும் கைதட்டினார்கள். விளக்கை அணைத்தார்கள்.

முதல் படம். திரை முழுக்க இருட்டு. ஓரத்தைச் சுற்றி மட்டும் செம்பழுப்பாக ஒரு புகை.

"ஃபோகஸ்" என்றார் சந்தானம் சார். திருகினார்கள். புகை கொஞ்சம் பெரிய புகை ஆயிற்று.

இரண்டாவது படம். இருட்டு, புகை. மூன்றாவது. நாலாவது. பின்னாலிருந்து ஒருவர், "சூரிய கிரகணம் எடுத்திருக்கார் போல" என்றார். சிரிப்பு. எட்டாவது படம் வந்தபோது பெரிய ஐயா நிதானமாகக் கேட்டார்:

"சந்தானம், இது நம்ம கரிதானே? இதைப் போட்டோ எடுக்க ராமேஸ்வரம் வரைக்கும் ஆள் அனுப்பணுமா?"

கிளப்பே அதிர்ந்தது. பதினோராவது படத்தில் ஒரு மூலையில் காலா குச்சியா என்று தெரியாத ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு விசில் அடித்துக் கைதட்டினார்கள். நான் நாற்காலியில் கரைந்துகொண்டிருந்தேன். என் கண்முன்னால் டிராயருக்குள் இருந்த மனு நாலாகக் கிழிந்து பறந்தது.

முப்பத்தாறும் ஓடி முடிந்து விளக்கைப் போட்டார்கள். சந்தானம் சார் கேமராவை எடுத்தார். உறையைக் கழற்றினார். மூடியைத் திறந்தார்.

கண்ணாடி நடுவில் சந்தனமும் குங்குமமும் மங்களகரமாக ஜொலித்தன. பெரிய ஐயாவின் மனைவி எட்டிப் பார்த்தார். அவரும் நம்மைப்போல் கும்பிட்டுப் பழகியவர்தானே, சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"யார் வெச்சது இது?" என்று கேட்டார் சந்தானம் சார்.

"நான்தான் சார்."

"விரல் படக்கூடாதுன்னு சொன்னேனே, மேன்!"

"படல சார். வெத்தலக் காம்பாலதான் வெச்சேன்."

பின்னாலிருந்து செங்கமலம் எழுந்து எனக்கு சாட்சி சொன்னாள். "ஆமாங்க சார், நான் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன். வெரலே படலீங்க."

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பை நான் விவரிக்கப் போவதில்லை. பெரிய ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தானம் சார் மட்டும் சிரிக்கவில்லை. நாலு வருஷமாக அவர் பார்க்க ஆசைப்பட்டது அது. அவர் முகத்தைப் பார்த்தேன். எது போனாலும் போகட்டும் என்று உண்மையைக் கொட்டிவிட்டேன்.

"சார், நான் பறவை பாக்கிறவன் இல்ல சார். அன்னிக்கி கருடனக் கும்பிட்டேன். ஜெனரல் ஷிப்டு கெடைக்கும்னு பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

"அப்ப தனுஷ்கோடியில என்னதான் பண்ணினே? ஃப்ளமிங்கோ பார்த்தியா, அதுவும் பொய்யா?"

"ஐயோ, பாத்தேன் சார்!"

சொல்ல ஆரம்பித்தேன். வாயால் சொல்லி வராததால் எழுந்து நின்று செய்து காட்டினேன். தலையை எப்படிக் கவிழ்த்தன, காலை எப்படி மிதித்தன என்று அத்தனை அதிகாரிகளுக்கு முன்னால் சுற்றிச் சுற்றிக் கும்மி அடித்தேன். ஜனங்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சந்தானம் சார் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார்.

"சாம்பல் கலர்ல இருந்துதுன்னியே, எத்தனை? கால் என்ன நிறம்? அலகு நுனி கறுப்பா?" கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை கூப்பிட்டு அனுப்பினார். மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தது! ஜெனரல் ஷிப்டு, ஸ்டோர்ஸ். கீழே இங்கிலீஷில் ஒரு வரி. கிளார்க்கிடம் படிக்கச் சொன்னேன். 'இவரை எந்த இயந்திரத்தின் பக்கத்திலும் விட வேண்டாம்.'

எது எப்படியோ, ஈஸ்வரன் வழி விட்டுவிட்டார். முதல் பிரதோஷம் வந்தது. வேலை முடிந்து, வில்வ மாலையோடு ஸ்டோர்ஸ் வாசலுக்கு வந்தேன். வாசலில் ஜீப் நின்றது.

"ஏறு" என்றார் சந்தானம் சார். "ஏரிக்கு ஏதோ புது வாத்து வந்திருக்கு. உனக்குக் கண் இருக்கு, மேன். கேமராவை மட்டும் தொடாதே."

கையெழுத்துப் போட்ட மனுஷனிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? ஏறினேன். அடுத்த பிரதோஷத்துக்கும் ஜீப் வந்தது. அதற்கடுத்ததற்கும் வந்தது. ஷிப்டில் இருந்தபோதாவது மூன்றில் இரண்டு பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போனேன். அவர் மாற்றலாகிப் போகும் வரை இரண்டு வருஷம், வில்வ மாலையை ஏரிக்கரை வேப்பமரத்தில் மாட்டிவிட்டு வாத்து எண்ணினேன். அவர் போன பிறகாவது கோயிலுக்கு ஒழுங்காகப் போனேனா என்று கேட்காதீர்கள். அதற்குள் கண் கெட்டுவிட்டது. தீபாராதனை நேரத்தில் கோபுரத்தில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கிறது.

செங்கமலத்துக்கு மறுபடி காய்ச்சல் வரவில்லை. ஈஸ்வரன் பெரிய மனசுக்காரர். அவள் அப்படி இல்லை. எங்கள் பெரிய பெண்ணுக்கு வரன் வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்து, "பையன் பீடி சிகரெட் தொடமாட்டான், சீட்டாட்டம் கிடையாது, தண்ணி வாசனையே தெரியாது" என்று அடுக்கினார்கள். செங்கமலம் காபித் தட்டோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அதெல்லாம் சரிங்க. பறவ கிறவ பாக்கிற பழக்கம் ஏதாச்சும் உண்டுங்களா?"

அவர்கள் விழித்தார்கள். பையனுடைய அப்பா, "அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா, நல்ல குடும்பம்" என்று சத்தியம் செய்தார். அதன் பிறகுதான் தட்டு மாற்றினோம். எங்கள் குடும்பத்தில் இன்றுவரை எந்த வரன் வந்தாலும் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. பதில் வரும் வரை எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.